‘நாங்க பண்ணோம்’ முதல் ‘நான் செய்தேன்’ வரை: மாணவருக்குத் தன்னைப் பற்றிப் பேசக் கற்றுத்தர எந்த வழி?

மாதிரி நேர்காணல் ஒன்றில் எதிரே உட்கார்ந்திருந்த மாணவியிடம், படிப்பைத் தவிர வேறு என்ன செய்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பெரிசா ஒண்ணும் இல்ல சார். லேப்ல கொஞ்சம் ஹெல்ப் பண்ணிருக்கேன்."

என்ன உதவி?

"கம்ப்யூட்டருக்காக வரிசையில நின்னுட்டே இருப்பாங்க. நாங்க ஒரு ஷீட் போட்டோம், நேரம் பதிவு பண்றதுக்கு."

நாங்க என்றால் யார் யார்? கொஞ்சம் தயங்கினார். "நான்தான் சார்." எத்தனை கணினி? 40. எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? மூன்று வகுப்பு, 180 பேர். அந்தத் தாள் வந்த பிறகு? "இப்ப யாரும் நிக்கிறதில்ல சார். அவங்கவங்க நேரத்துக்கு வர்றாங்க. ஜூனியர்ஸும் அதையேதான் யூஸ் பண்றாங்க."

180 பேர் கால்கடுக்க நின்றதை நிறுத்திய ஒருவர், அதைப் ‘பெரிசா ஒண்ணும் இல்ல’ என்பதற்குள் புதைத்துவிட்டார். தோண்டி எடுக்க எனக்கு ஆறு கேள்விகள் தேவைப்பட்டன. நிஜ நேர்காணலில் எதிரே இருப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது. இரண்டாவது கேள்வியிலேயே அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்.

பாடம் நடத்தும் நண்பர்களும் வேலைவாய்ப்புப் பிரிவைக் கவனித்துக்கொள்பவர்களும் அடிக்கடி ஒன்றைக் கேட்கிறார்கள்: யாரையாவது கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி வைத்தால் போதுமா, பாடமாகவே நடத்த வேண்டுமா, மாதிரி நேர்காணல் நடத்தலாமா, பிள்ளைகளையே குழுவாகப் பழகவிடலாமா? எல்லாவற்றையும் செய்ய நேரமும் ஆளும் இல்லை, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதுதான் அவர்கள் சங்கடம். நான் இவை அனைத்தையும் ஏதாவது ஒரு வருடம் செய்து பார்த்து, சிலவற்றில் சூடுபட்டும் இருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

தனக்காகத் தானே பேசுவது என்றதும் பலர் சரளமாகப் பேசுவதை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. தனக்காகப் பேசுதல் என்ற இந்தக் கருத்து வளர்ந்ததில் மாற்றுத்திறனாளி மாணவர்களின் கல்விக்குப் பெரிய பங்கு உண்டு. டேவிட் டெஸ்ட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2005இல் இதை நான்காகப் பிரித்தார்கள்: தன்னை அறிதல், தன் உரிமைகளை அறிதல், எடுத்துச் சொல்லுதல், தலைமை. நாம் நடத்தும் பயிற்சிகளில் பெரும்பாலானவை மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. சொல்லத் தன்னிடம் என்ன இருக்கிறது என்றே தெரியாதவருக்கு, எப்படிச் சொல்வது என்று பாடம் எடுத்து என்ன பயன்?

ஆகவே என் அளவுகோல்கள் இவை:

- சரக்கு சேர்கிறதா? தான் செய்தவற்றைத் தேடிப் பிடித்து, எண்ணிக்கையோடும் விளைவோடும் எழுதிவைக்க இந்த வழி மாணவரை உட்கார வைக்கிறதா?
- எத்தனை முறை வாய் திறக்கிறார்? தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே செய்து வென்ற அனுபவம்தான் அவற்றில் வலியது. அடுத்தவர் சொல்லும் ‘உன்னால் முடியும்’ அதற்குக் கீழேதான்.
- திருத்த ஆள் உண்டா? தவறாகவே பத்து முறை சொல்லிப் பழகினால் தவறுதான் பழகும்.
- கூச்சப்படுபவருக்கு எட்டுகிறதா? ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்களை மேலும் பேச வைப்பது சுலபம்.
- ஆசிரியரின் நேரம் எவ்வளவு? ஒரே கணக்காக இருக்கட்டும் என்று 60 மாணவர், ஒரே ஆசிரியர் என்று வைத்துக்கொள்கிறேன்.

கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொருளியல் ஆய்வாளர்கள் கிறிஸ்டின் எக்ஸ்லியும் ஜட் கெஸ்லரும் 2022இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு தேர்வு எழுதியவர்களிடம் தங்கள் திறமையைத் தாங்களே மதிப்பிடச் சொன்னார்கள். சமமாகச் செய்த ஆண்களைவிடப் பெண்கள் தங்களைக் குறைத்தே சொன்னார்கள். தங்கள் மதிப்பெண்ணும், மற்றவர்களோடு ஒப்பிட்டால் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதும் தெரிந்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை. ஆக, ‘நீ நல்லாத்தான் பண்றே’ என்று தட்டிக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட முடியாது. ‘நீங்கள் எவ்வளவு திறமைசாலி?’ என்பது போன்ற கேள்விகளுக்குப் பழக்குவதைவிட, ‘என்ன செய்தீர்கள், அதனால் என்ன மாறியது?’ என்பதற்குப் பழக்குவதே மேல் என்ற முடிவுக்கு நான் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தன்னைப் பற்றிப் பெயரடை சேர்க்கத்தான் கூச்சமாக இருக்கும். நடந்ததைச் சொல்ல அவ்வளவு கூசாது.

‘தற்பெருமை மாதிரி இருக்கு சார்’ என்பவர்களுக்கு நான் நன்னூலைக் காட்டுவதுண்டு. தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொன்ன கையோடு, அடுத்த நூற்பாவிலேயே அது தகும் இடங்கள் நான்கைச் சொல்கிறது: அரசவைக்கு ஓலைக்கவி எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழிக்கும்போது. முதல் இரண்டும் விண்ணப்பக் கடிதமும் நேர்காணலும்தான், வேறென்ன!

## வழி 1: ஒரு நாள் பயிலரங்கு

வெளியிலிருந்து ஒருவர் வருவார், மைக் பிடிப்பார், நாள் முழுக்கக் கலகலவென்று போகும். கடைசியில் சான்றிதழும் குழுப்படமும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு மணி நேரத்தை 60 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 6 நிமிடம், அதுவும் பயிற்சியாளர் வாயே திறக்காமல் இருந்தால். நடப்பில் மேடையேறுவது ஐந்தாறு பேர். அவர்கள் யார் என்று நிகழ்ச்சிக்கு முன்பே நம்மால் சொல்லிவிட முடியும்.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் 60 சுயவிவரங்களையும் வரிசையாகப் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், விரைவில் கற்றுக்கொள்பவர்’ என்று இருக்கும். திரையில் காட்டிய மாதிரியை அப்படியே இறக்கியிருப்பார்கள். இன்னொன்று, ‘அதான் பயிற்சி கொடுத்தாச்சே’ என்று நிர்வாகம் கோப்பை மூடிவிடும்.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. தகவலை ஒரே நேரத்தில் 60 பேருக்கும் சொல்லிவிடலாம்: பணி நியமனக் கடிதத்தில் எதையெல்லாம் படித்த பிறகு கையெழுத்துப் போட வேண்டும், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, நிராகரித்தவரிடம் காரணம் கேட்கலாமா. டெஸ்ட் பிரித்த அந்த நான்கில் ‘உரிமைகளை அறிதல்’ என்ற பகுதிக்கு இது போதும். வருபவர் பேச்சாளராக இல்லாமல், உண்மையிலேயே ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

## வழி 2: பருவம் முழுக்க ஒரு பாடம்

15 வாரம், வாரத்துக்கு 2 மணி என்றால் வகுப்பு மட்டும் 30 மணி நேரம். ஆளுக்கு மூன்று ஒப்படைப்பு, ஒவ்வொன்றையும் திருத்த 15 நிமிடம் என்று வைத்தால் இன்னொரு 45 மணி நேரம். மொத்தம் 75.

இதில் சரக்கு சேர்வது நிச்சயம். நான் வாரம் ஒரு பக்கம் ‘செய்தது என்ன’ குறிப்பேடு எழுதச் சொன்னேன். முதல் வாரம் எல்லோரும் காலியாகத்தான் கொடுத்தார்கள். நாலாவது வாரத்தில், விழாவுக்கு நாற்காலி கணக்கு எடுத்தது, செமினார் பேச வேண்டியவர் வராததால் அரை மணி நேரத்தில் தயாராகித் தான் பேசியது என்று ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. எழுத வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே சிலர் எதையாவது செய்யத் தொடங்கினார்கள்.

அப்புறம், நேர்காணல் பதிலை நான்கு படியாக அடுக்கும் ஸ்டார் (STAR) முறையை நிதானமாகச் சொல்லித்தர இங்கேதான் நேரம் கிடைக்கும்: சூழல், பொறுப்பு, செயல், விளைவு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசுவதைவிட நல்ல ஆளைக் கண்டுபிடிக்கிறது என்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் ‘சிக்கலான ஒரு சந்தர்ப்பத்தைச் சமாளித்ததைச் சொல்லுங்கள்’ என்ற ரகக் கேள்விகள் நிறைய வருகின்றன. நம் மாணவர்கள் சூழலை மட்டும் இரண்டு நிமிடம் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு, செயலை ‘அப்புறம் எல்லாரும் சேர்ந்து முடிச்சுட்டோம்’ என்று ஒரே வாயில் விழுங்கிவிடுவார்கள். பாதி நேரம் செயலுக்குப் போக வேண்டும் என்று கடிகாரம் வைத்தே பழக்கினேன்.

மறைந்திருக்கும் செலவு, மதிப்பெண். மதிப்பெண் வந்தவுடன் மாணவர் தனக்காகப் பேசுவதை விட்டுவிட்டு எனக்காகப் பேச ஆரம்பித்துவிடுகிறார். ‘என் பலவீனம், வேலையில் அதிகமாக மூழ்கிவிடுவது’ என்ற வாக்கியத்தை ஒரே கட்டில் ஒன்பது தாளில் திருத்தியிருக்கிறேன். இதைத் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்ற அளவில் மட்டும் வைக்க முடிந்தால் வையுங்கள்.

இறுதியாண்டில் இந்தப் பாடம் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதலிரண்டு ஆண்டுகளில் வைத்தால்தான், சொல்ல ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டவர் எதையாவது போய்ச் செய்ய அவகாசம் இருக்கும்.

## வழி 3: தனித்தனி மாதிரி நேர்காணல்

20 நிமிடம் கேள்வி, 10 நிமிடம் கருத்து. ஒரு சுற்றுக்கு 30 மணி நேரம். முதல் சுற்றில் நோய் தெரியும், அவ்வளவுதான். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டாவது சுற்று வேண்டும். அப்போது 60 மணி நேரம். ‘ஒரு சுற்று நடத்திவிட்டோம்’ என்று நிறுத்துபவர்கள், மாணவர் கையில் குறைகளின் பட்டியலை மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

மற்ற எந்த வழியாலும் முடியாத ஒன்று இதில் நடக்கும். கதவைச் சாத்திவிட்டுப் பேச வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. படிப்பில் ஒரு வருட இடைவெளி, தேறாமல் நிற்கும் பாடம், காது சரியாகக் கேட்காது என்பதை எப்போது யாரிடம் சொல்வது, எழுத்துத் தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்பது எப்படி என்பதையெல்லாம் 60 பேர் நடுவில் யாரும் கேட்க மாட்டார்கள்.

சம்பளமும் அப்படித்தான். ‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்றால், கேட்ட வேகத்தில் ‘நீங்க குடுக்கிறது சார்’ என்று பதில் வரும். நான் சொல்லித்தருவது சின்ன விஷயம். இந்த வேலைக்குப் பொதுவாக என்ன தருகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, ஒரு தொகையைச் சொல், காரணம் ஒன்றைச் சொல், பிறகு வாயை மூடிக்கொள். கடைசிப் படிதான் கஷ்டம். தொகையைச் சொன்ன பிறகு நான் வேண்டுமென்றே ஐந்து விநாடி பேசாமல் இருப்பேன். இரண்டாவது விநாடியிலேயே ‘இல்ல சார், கம்மியா இருந்தாலும் பரவால்ல’ என்று தானாகவே இறங்கிவிடுவார்கள். அந்த ஐந்து விநாடி மௌனத்தைத் தாங்கப் பழக மூன்று நான்கு முறை ஒத்திகை தேவைப்படுகிறது. எழுதிக்கொடுத்துப் புரியவைக்கும் சமாச்சாரம் இல்லை இது.

செலவுகள்? ஒன்று, மாணவர் என்னிடம் பழகுகிறார், வேலை கொடுப்பவரிடம் அல்ல. என் முகத்தைப் பார்த்தே சரியா தப்பா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வார். இரண்டாவது சுற்றை அவருக்கு அறிமுகமில்லாத வேறு துறை ஆசிரியர் நடத்தினால் இது பாதி தீரும். இன்னொன்று, தொடக்கத்தில் சொன்ன அந்த மாணவி விஷயம். ஆறு கேள்வி கேட்டு விவரத்தை வெளியே எடுத்தது நான். அன்றைக்கு நல்ல ஆசிரியராக நடந்துகொண்டதாக எனக்கு ஒரு திருப்தி. அவர் கற்றுக்கொண்டது என்ன என்று பிறகு யோசித்தால் கொஞ்சம் உறுத்தியது. இப்போதெல்லாம் இரண்டாவது சுற்றில் துணைக் கேள்வியே கேட்பதில்லை.

இறுதியாண்டு, நிஜ அழைப்பு கையில் இருக்கிறது, மாணவர் எண்ணிக்கை 15, 20 என்றால் யோசிக்கவே வேண்டாம், இதுதான்.

## வழி 4: சக மாணவர் குழு

ஆறு பேருக்கு ஒரு குழு, மொத்தம் 10 குழு. வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம். ஆளுக்கு வாரம் 10 நிமிடம் என்றால் ஆறு வாரத்தில் ஒவ்வொருவரும் முழுதாக ஒரு மணி நேரம் தன்னைப் பற்றிப் பேசியிருப்பார்கள். பயிலரங்கின் ஆறு நிமிடத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியருக்கு, குழுத் தலைவர்களைத் தயார்செய்ய 2 மணி நேரம், வாரம் குழுவுக்கு 10 நிமிடம் எட்டிப்பார்க்க 10 மணி நேரம். மொத்தம் 12.

இது புதிதும் அல்ல. உளவியலாளர் நேதன் அஸ்ரினும் உடன் பணியாற்றியவர்களும் 1975இல் வேலை தேடுவோர் குழு ஒன்றை அமைத்துச் சோதித்தார்கள். குழுவில் சேர்ந்து தேடியவர்களுக்கு, தனியாகத் தேடியவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் மாணவர்கள் அல்லர், வேலையில்லாமல் இருந்தவர்கள். ஆனாலும் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பது, தகவல் பகிர்வது, விடாமல் செய்வது என்ற அச்சாணி இங்கேயும் பொருந்துகிறது.

நான் வைத்த முறை: ஒருவர் பேசுவார், இருவர் கேள்வி கேட்பார்கள், ஒருவர் கடிகாரம், ஒருவர் எண்களை மட்டும் குறித்துக்கொள்வார், கடைசி ஆள் ‘நாங்க’ எத்தனை முறை வந்தது என்று கோடு போடுவார். ‘டேய், பதினோரு நாங்க!’ என்று சிரிப்பு எழும். மூன்றாவது வாரம் அது நான்காகிவிடும். நான் சொல்லியிருந்தால் முகம் வாடியிருக்கும், நண்பன் சொன்னால் உறைக்கிறது, ஆனால் வலிப்பதில்லை. கூட்டு வேலையில் மற்றவர் பங்கை அமுக்கிவிட்டு ‘நான்’ போடுபவர்களும் இங்கேதான் மாட்டுவார்கள். கூட இருந்தவன் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறானே.

இதற்கும் செலவு உண்டு. நண்பர்களே குழுவாகச் சேர்ந்தால் ‘சூப்பர்டா’ என்பதைத் தாண்டி ஒன்றும் வராது. யார் எந்தக் குழு என்று நீங்களே பிரித்துக்கொடுங்கள். ஒரே நிறுவனத்துக்கு இருவர் விண்ணப்பிக்கும்போது விவரங்களை மறைக்கத் தொடங்குவார்கள். அந்த வாரம் அவர்களை வேறு வேறு குழுவில் வைப்பதைத் தவிர வழி தெரியவில்லை. மூன்றாவது வாரத்தில் இரண்டு குழுவாவது கலையும். எட்டிப்பார்ப்பதை நிறுத்தினால் மற்றவையும் கலையும். குழுவில் யாருக்குமே தெரியாத ஒன்றை யாரும் திருத்த மாட்டார்கள் என்பதும் உண்மை. விண்ணப்பக் கடிதத்தின் தொனி, துறை சார்ந்த கேள்வி போன்றவற்றில் குருடனுக்குக் குருடன் வழிகாட்டிய கதையாகிவிடும்.

## வழி 5: ஏஐ செயலியோடு பழகுவது

நள்ளிரவிலும் அலுக்காமல் கேள்வி கேட்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். கூச்சப்படுபவருக்கு முதல் படியாக நல்லது. ஆனால் ‘எனக்கு விண்ணப்பக் கடிதம் எழுதிக்கொடு’ என்றவுடன் எழுதியும் கொடுத்துவிடும். அந்தக் கடிதத்தின் மூன்றாவது வரிக்கு விளக்கம் கேட்டால் மாணவர் திருதிருவென முழிப்பார். என் விதி ஒன்றே ஒன்று: அது கேட்கலாம், எழுதக் கூடாது. அப்புறம், அதன் பாராட்டில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | பயிலரங்கு | பருவப் பாடம் | மாதிரி நேர்காணல் | சக குழு | ஏஐ செயலி |
|---|---|---|---|---|---|
| சரக்கு சேர்வது | இல்லை | மிக நன்று | ஓரளவு | நன்று | கேட்கச் சொன்னால் ஓரளவு |
| ஒருவர் பேசும் நேரம் | அதிகபட்சம் 6 நிமிடம் | வகுப்பைப் பொறுத்தது | இரு சுற்றில் 40 நிமிடம் | 60 நிமிடம் | விருப்பம்போல் |
| திருத்தும் ஆள் | கிட்டத்தட்ட இல்லை | எழுத்துக்கு உண்டு | மிக நன்று | பாதி | நம்பிவிடக் கூடாது |
| கூச்சப்படுபவர் | எட்டாது | மெதுவாக எட்டும் | எட்டும் | நன்றாக எட்டும் | எட்டும் |
| ஆசிரியர் நேரம் | ஒரு நாள் | 75 மணி | 60 மணி | 12 மணி | சொற்பம் |
| மறைந்த செலவு | ஒரே அச்சுச் சுயவிவரம் | மதிப்பெண்ணுக்காக எழுதுவது | ஆசிரியரைச் சார்ந்துவிடுவது | மூன்றாம் வாரக் கலைவு | இரவல் சொற்கள் |

ஒன்றுதான் முடியும் என்றால் நான் சக குழுவைத்தான் எடுப்பேன். அதோடு இன்னும் 15 மணி நேரம் ஒதுக்க முடிந்தால், 60 பேரில் மிகவும் தடுமாறுகிற 15 பேருக்கு மட்டும் இரண்டு சுற்று மாதிரி நேர்காணல். அவர்கள் யார் என்று குழுத் தலைவர்களே இரண்டாம் வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். நேர்காணலுக்கு இரண்டே வாரம்தான் இருக்கிறது என்றால் குழு அமைக்க நேரமில்லை. ஆளுக்கு மூன்று நிகழ்வுகளை எண்களோடு எழுதிவரச் சொல்லி, இருவர் இருவராக உட்கார வைத்துச் சொல்லிப் பார்க்க வையுங்கள்.

## பட்டியலில் சேர்க்காத ஒரு வழி

மாணவருக்காக நாமே பேசிவிடுவது. சுயவிவரத்தை நாமே எழுதி, தெரிந்தவருக்குப் போன் போட்டு, ‘நல்ல பையன், பாத்துக்கோங்க’ என்று சொல்வது. நேரம் 20 நிமிடம்தான், வேலையும் கிடைத்துவிடும். நானும் செய்திருக்கிறேன். அப்படி ஒருவருக்கு வேலை கிடைத்து நாலு மாதம் இருக்கும், இரவு ஷிஃப்டை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, மருத்துவர் எழுதிக்கொடுத்த கடிதமும் கையில் இருந்தது. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு அழைத்தார்.

"சார், எங்க மேனேஜர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுறீங்களா?"